கார் கேள்வி – பதில்: மீட்டர் முள்ளும் எச்சரிக்கை விளக்கும்

கேள்வி: பல ஆண்டுகள் அம்பாசடர் ஓட்டியவன் நான். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்தே பழகிவிட்டேன். மகன் வாங்கித் தந்திருக்கும் புதிய சிறிய காரில் அதற்குப் பதிலாக ஒரு நீல விளக்கும் ஒரு சிவப்பு விளக்கும் மட்டுமே இருக்கின்றன. கோடையில் ஏலகிரி மலை ஏறும்போது இன்ஜின் எந்த நிலையில் இருக்கிறது என்றே தெரியவில்லை. காசை மிச்சப்படுத்தத்தான் முள்ளை எடுத்துவிட்டார்களா? பழைய மீட்டர் ஒன்றைத் தனியாக வாங்கிப் பொருத்தலாமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: காசு மிச்சம் என்பது உண்மைதான். இன்னொரு காரணமும் உண்டு. முள் கொஞ்சம் அசைந்தாலும் பயந்துபோய் சர்வீஸ் சென்டர் வாசலில் வந்து நிற்பவர்கள் பலர் இருந்தார்கள். அதனால் விளக்கு வருவதற்கு முன்பே பல நிறுவனங்கள் முள்ளின் அசைவை அடக்கிவிட்டன. ஏறத்தாழ 80 டிகிரியிலிருந்து 105 டிகிரி செல்சியஸ் வரை சூடு எங்கே இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி கணினியில் அமைத்துவிடுவார்கள். இந்த அளவு மாடலுக்கு மாடல் சற்று மாறும். ஆகவே, முள் உள்ள புதிய காரை வைத்திருப்பவர்களும் அது நடுவில் நிற்பதை மட்டும் நம்பி இருந்துவிட வேண்டாம்.

நீல விளக்கு, இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்பதற்கு அடையாளம். அது அணையும் வரை ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்காமல் இருப்பது நல்லது. சிவப்பு விளக்கு பெரும்பாலும் 115, 120 டிகிரியை நெருங்கும்போதுதான் எரியும். அந்தச் சூட்டில் இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைவதற்கும், அதன் அடியில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் போவதற்கும் அதிக நேரம் ஆகாது. சூடு ஏறிக்கொண்டிருப்பதை முள் காட்டியது. ஏறி முடிந்த பிறகுதான் விளக்கு காட்டுகிறது. உங்கள் பயம் நியாயமானது.

ஆனால் பழைய மீட்டரைப் பொருத்த வேண்டாம். அதற்காக ஹோஸை வெட்டி, ஒயரில் கை வைத்தால் வாரன்டி போகும். புதிதாக ஒரு கசிவுக்கும் இடம் கொடுத்ததாக ஆகிவிடும். உங்கள் காரின் கணினிக்கு இன்ஜின் சூடு டிகிரிக் கணக்கில் ஒவ்வொரு நொடியும் தெரியும், உங்களுக்குத்தான் சொல்வதில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் அருகில் கை விட்டுப் பார்த்தால் 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் தட்டுப்படும். மெக்கானிக்குகள் ஸ்கேனர் மாட்டுவது அதில்தான். அதே சாக்கெட்டில் செருகக்கூடிய சிறிய புளூடூத் கருவிகள் விற்கின்றன. நல்லதாக ஒன்றை வாங்கி மாட்டினால், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் சூடு உங்கள் செல்போனில் எண்ணாகவே தெரியும். பேட்டரி மின்னழுத்தத்தையும் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம். காரை நாள்கணக்கில் எடுக்காமல் நிறுத்தி வைக்கும்போது கருவியைக் கழற்றிவிடுங்கள்; இல்லையென்றால் அது பேட்டரியைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடும்.

மலையடிவாரத்தில் உள்ள பொன்னேரியிலிருந்து ஏலகிரிக்கு ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளில், சித்திரை வெயிலில் ஏசியும் போட்டு இரண்டாவது கியரில் ஏறினால், எண் 100-ஐ ஒட்டிப் போவதும், ரேடியேட்டர் ஃபேன் சுழன்றதும் சில டிகிரி இறங்குவதும் இயல்பானவை. இறங்காமல் 105-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு அளவில் திருப்பி (இன்ஜின் சூட்டில் ஒரு பகுதி அதன் வழியே வெளியேறும்), அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டுங்கள். ஆவி வரவில்லை, கூலன்ட் ஒழுகவில்லை என்றால் இன்ஜினை அணைக்காமல், ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலிங்கில் ஓட விடுவது நல்லது. வாட்டர் பம்பும் ஃபேனும் சூட்டைக் குறைக்கும். ஆவி வந்தாலோ, சிவப்பு விளக்கு எரிந்தாலோ உடனே அணைத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியையோ கூலன்ட் டேங்க் மூடியையோ திறக்கவே கூடாது.

இந்த எண்ணையும் முழுமையாக நம்பிவிடக் கூடாது. சென்சாரைச் சுற்றிக் கூலன்ட் இருந்தால்தான் அது சரியாகக் காட்டும். ஹோஸ் வெடித்துக் கூலன்ட் முழுவதும் வெளியேறிவிட்டால், காலியான இடத்தில் நிற்கும் சென்சார் சூட்டைக் குறைவாகக் காட்டக்கூடும். எனவே வாரம் ஒருமுறை, காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பானட்டைத் திறந்து, கூலன்ட் டேங்கில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் மட்டம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஹோஸ் மாட்டியுள்ள கிளாம்ப்பைச் சுற்றிப் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ பொருக்கு காய்ந்திருந்தால் அங்கே கசிவு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மட்டம் குறைந்தால் நம் வட்டாரத்து போர்வெல் தண்ணீரை ஊற்றாதீர்கள். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்து உப்புத் தண்ணீர் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் உப்பாகப் படிந்து அடைத்துவிடும். கம்பெனி சொல்லும் கூலன்ட்டை, டிஸ்டில்டு வாட்டரோடு சரியான அளவில் கலந்து ஊற்றுங்கள்.

பத்து அங்குலத் திரையை வைத்துப் பாட்டும் படமும் காட்டும் நிறுவனங்கள், அதன் மூலையில் இந்த ஓர் எண்ணைக் காட்டுவதற்குப் புதிதாக எந்தப் பொருளும் சேர்க்க வேண்டியதில்லை. கார் வாங்கும்போது ஷோரூமில் கேளுங்கள். வாங்கியவர்கள் எழுதியும் கேளுங்கள்.

கேள்வி: சிவப்பு நிறத்தில் எண்ணெய்க்கிண்ணம் போன்ற விளக்கு ஒரு வளைவில் எரிந்து உடனே அணைந்துவிட்டது. ஒர்க் ஷாப் வரை ஓட்டிச் செல்லலாமா?
– வாசகி, ஆம்பூர்

பதில்: கூடாது. ஓடும்போது இரண்டு, மூன்று பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவில் இருக்க வேண்டிய ஆயில் பிரஷர், அரை பார் அளவுக்கு வீழ்ந்த பிறகே அந்த விளக்கு எரியும். வளைவில் எரிந்தது என்றால் ஆயில் மிகவும் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும்போது பம்ப்புக்கு எட்டாமல் போகும். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து, ஆயில் மட்டம் காட்டும் கம்பியான டிப் ஸ்டிக்கைத் துடைத்துச் செருகிப் பாருங்கள். குறைவாக இருந்தால் அதே கிரேடு ஆயிலை அங்கேயே வரவழைத்து ஊற்றுங்கள். ஆயில் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தது என்றால் மெக்கானிக் வரட்டும். அல்லது வண்டியைக் கட்டி இழுத்துச் செல்லுங்கள். சில வெளிநாட்டு உயர்விலைக் கார்களில் டிப் ஸ்டிக்கையே எடுத்துவிட்டு, சென்சார் வழியாகத் திரையில் அளவு காட்டுகிறார்கள். உங்கள் காரில் அந்தக் கம்பி இன்னும் இருக்கிறது. மாதம் இரண்டு முறையாவது அதை வெளியே எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: நான் பார்த்த காரில் ஸ்டெப்னி கிடையாது என்கிறார்கள். இது சட்டப்படி சரியா?
– வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: சரிதான். டியூப்லெஸ் டயர், காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் சென்சார், பஞ்சர் ஒட்டும் கிட் ஆகிய மூன்றும் இருந்தால் பயணிகள் காருக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-இல் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. அழுத்தம் குறைவதை முன்கூட்டியே சொல்லும் அந்த சென்சார் உண்மையிலேயே நல்ல வசதி. ஆனால் கிட்டில் உள்ள பசை, தரையில் படும் பகுதியில் ஆணி ஏறிய சிறு துளையை மட்டுமே அடைக்கும். பக்கவாட்டில் கிழிந்தால் அதனால் பயன் இல்லை. சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டுபவர் உதவிக்கு ஆள் வரும் வரை காத்திருக்கலாம். அடிக்கடி ஜவ்வாது மலைப் பக்கம் போகிறவர் என்றால், டிக்கியில் ஸ்டெப்னி வைக்க இடம் உள்ள காராகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ஹேண்ட் பிரேக் லிவர் இல்லாமல் சுவிட்ச் மட்டும் உள்ள காரில், பேட்டரி இறங்கிவிட்டால் என்ன செய்வது?
– வாசகர், காட்பாடி

பதில்: பிரேக் போட்டிருந்தால் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும், மின்சாரம் இல்லாமல் சுவிட்ச்சால் அதை விடுவிக்க முடியாது. இன்னொரு வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் மூலம் மின்சாரம் கொடுத்தால் சுவிட்ச் மீண்டும் வேலை செய்யும். மேட்டில் கார் பின்னால் உருளாமல் பிடித்துக்கொள்ளும் வசதியை இத்தகைய கார்கள் பலவற்றில் சேர்த்தே தருகிறார்கள். புதிதாக ஓட்டப் பழகுபவர்களுக்கு அது பெரிய துணை. ஜம்பர் கேபிள் ஒரு ஜோடி டிக்கியில் எப்போதும் இருக்கட்டும். பேட்டரிக்கு மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டால் ஒவ்வொரு சர்வீஸிலும் சோதிக்கச் சொல்லுங்கள்.