நாற்கரம்: கேளுங்கள், சொல்கிறேன்

பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இன்று நாற்கரம் மட்டும்.

சதுரமும் செவ்வகம்தான் என்று எழுதியதற்குப் பையனுக்கு மார்க் போய்விட்டது, சார்.

பையன் எழுதியது சரி. நான்கும் செங்கோணமாக இருந்தால் செவ்வகம். பக்கங்கள் சமமாக இருக்கக் கூடாது என்று யாரும் நிபந்தனை போடவில்லை. போய் மார்க்கைக் கேளுங்கள்.

முனையில் நிற்கும் சதுரம் சாய்சதுரமா?

எப்படி நின்றாலும் சதுரம் சாய்சதுரம்தான். அதற்கு நான்கு பக்கமும் சமமாக இருந்தால் போதும். ஆனால் முனையில் நிற்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. படத்தைப் பார்த்துப் பெயர் வைக்காதீர்கள், கொடுத்திருக்கும் அளவைப் பாருங்கள்.

மனை 30க்கு 40 அடி. நான்கு பக்கமும் டேப் பிடித்தாயிற்று, சரியாக இருக்கிறது. மேஸ்திரி மட்டும் மூலைமட்டம் வரவில்லை என்கிறார்.

மேஸ்திரி சொல்வதைக் கேளுங்கள். நான்கு குச்சியை முனையில் ஆணியடித்துச் சேர்த்து லேசாகத் தள்ளிப் பாருங்கள், சாயும். பக்க நீளம் எதுவும் மாறாது, கோணம் மட்டும் மாறும். எதிர்ப்பக்கங்கள் சமம் என்பதால் உங்கள் மனை இணைகரம். செவ்வகமா என்பது இன்னும் தெரியாது. மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் டேப் பிடியுங்கள். இரண்டும் 50 அடி வந்தால் செவ்வகம். ஒரு மூலை 80 பாகையாக இருந்தால் ஒன்று 54 அடி வரும், மற்றது 46க்குக் கொஞ்சம் குறையும். பரப்பும் 1200 சதுர அடி இருக்காது, சுமார் 1182தான். பத்திரத்தில் 1200 என்று போட்டிருந்தால் அந்த 18 சதுர அடிக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்திருப்பீர்கள்.

மூலைவிட்டம் இரண்டும் சமம் என்றாலே செவ்வகம்தானே?

இல்லை. இருசமபக்கச் சரிவகத்திலும் (மேலும் கீழும் இணை, இருபுறமும் ஒரே அளவு சாயும்) சமமாக வரும். முதலில் இணைகரம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

சதுரம் செவ்வகமா?

மேலே பாருங்கள்.

இணைகரம் சரிவகமா? ஒரு ஜோடி 'மட்டும்' இணையாக இருக்க வேண்டும் என்று படித்திருக்கிறேன்.

இதைத்தான் எதிர்பார்த்தேன். அந்த 'மட்டும்' எனக்குப் பிடிக்காது. சரிவகத்தின் பரப்பு ½ × h × (a + b); a, b இணைப்பக்கங்கள், h அவற்றின் இடைத்தூரம். a, b சமமானால் அதுவே இணைகரத்தின் பரப்பு. அப்புறம் எதற்குத் தனி வீடு?

யூக்ளிட் சதுரத்தையும் செவ்வகத்தையும் தனித்தனியாகத்தானே வைத்தார்?

ஆமாம், அந்தப் பழைய கிரேக்கக் கணிதர் தன் 'எலிமெண்ட்ஸ்' நூலில், முதல் புத்தகத்தின் 22ஆம் வரையறையில். பக்கம் சமமில்லாததைத்தான் அவர் செவ்வகம் என்றார். அவர் வழியில் போனால் செவ்வகத்துக்கு நிரூபித்ததைச் சதுரத்துக்கு இன்னொரு முறை நிரூபிக்க வேண்டும்.

சரி, உங்கள் வழியில் போனால் மற்ற இரண்டு பக்கங்கள் சமம் என்பதை வைத்து இணைகரம் எல்லாம் இருசமபக்கச் சரிவகம் ஆகிவிடுமே! அதன் மூலைவிட்டங்கள் சமமில்லையே!

நல்ல அடி. அதனால்தான் நான் பக்கத்தை வைத்துச் சொல்ல மாட்டேன், அடிக்கோணங்கள், அதாவது அடிப்பக்கத்தின் இரு முனைக் கோணங்கள், சமம் என்பேன். அப்போது இணைகரங்களில் செவ்வகம் மட்டும் உள்ளே வரும், அதன் மூலைவிட்டங்களும் சமம்தான்.

பட்டம் என்ற நாற்கரம் பற்றி ஒரு வரி?

அடுத்தடுத்த பக்கங்கள் இரண்டு ஜோடியாகச் சமம். சாய்சதுரமும் பட்டம்தான்.

அப்படியானால் சதுரமும்...?

பட்டம்தான், ஐயா. சதுரம் செவ்வகமும்கூடத்தான்.