தோற்றவரைத் துணைக்கு அழைக்கலாமா?

கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் அமெரிக்க பிரைமரித் தேர்தலில் மாதக்கணக்கில் ஒருவரையொருவர் வறுத்தெடுத்த இரண்டு பேர், கடைசியில் அதிபர், துணை அதிபர் வேட்பாளர்களாக ஒரே டிக்கெட்டில் நிற்பது சரியா? இதையொட்டி வந்த கேள்விகளில் சில இங்கே. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கோவையிலிருந்து: சார், முதலிடம் வந்தவரும் இரண்டாமிடம் வந்தவரும் சேர்ந்தால் இரண்டு பேர் ஓட்டும் ஒன்றாகிவிடுமே. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அப்படிக் கூட்டிப் பார்ப்பதில்தான் தப்பு நடக்கிறது. பிரைமரியில் ஓட்டுப் போடுபவர்களில் பெரும்பாலோர் அந்தக் கட்சிக்காரர்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் நவம்பர் அதிபர் தேர்தலில் அவர்களில் முக்கால்வாசிப் பேர் தங்கள் கட்சிக்கே திரும்பிவிடுவார்கள். திரும்பி வரப்போகிறவரையே கூட்டணியின் லாபமாகவும் எழுதினால் ஒரே ஓட்டை இரண்டு தடவை எண்ணுகிறோம்.

2008-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒபாமாவும் ஹிலாரி கிளின்டனும் ஆளுக்கு ஒரு கோடியே எண்பது லட்சம் ஓட்டு அளவில் வாங்கி ஜூன் வரை இழுத்தார்கள். அப்போது எங்கே பார்த்தாலும் ‘கனவு ஜோடி’ பேச்சுதான். ஜூன் 27 அன்று இருவரும் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் யூனிட்டி என்ற குட்டி ஊரில் சேர்ந்து மேடை ஏறினார்கள். ஊர்ப் பெயருக்கே ஒற்றுமை என்றுதான் அர்த்தம். அதைவிட வேடிக்கை, ஜனவரி பிரைமரியில் அந்த ஊர் ஒபாமாவுக்கு 107, கிளின்டனுக்கு 107 என்று போட்டிருந்தது. இவ்வளவு பொருத்தம் பார்த்தும் கல்யாணம் நடக்கவில்லை. ஆகஸ்டில் ஒபாமா ஜோ பைடனை அறிவித்தார். நவம்பரில் சுலபமாக ஜெயித்தார். பிறகு கிளின்டனை வெளியுறவுத் துறை அமைச்சர் ஆக்கினார். சேர்த்துக்கொள்ள வேண்டுமென்றால் அதற்கு டிக்கெட் மட்டும்தான் இடம் என்றில்லை.

திருச்சியிலிருந்து: ஆனால் 1960-ல் ஜான்சன் இல்லாவிட்டால் கென்னடி தோற்றிருப்பார் என்கிறார்களே?

இது நல்ல கேள்வி, கொஞ்சம் விலாவாரியாகவே சொல்கிறேன். முதலில் ஒரு சின்னத் திருத்தம்: லிண்டன் ஜான்சன் பிரைமரிகளில் இறங்கவே இல்லை. செனட்டில் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் என்ற செல்வாக்கை நம்பி, வேட்பாளரை முறைப்படி முடிவு செய்யும் லாஸ் ஏஞ்சலீஸ் கட்சி மாநாட்டுக்கு நேரே வந்தார். முதல் சுற்றிலேயே கென்னடிக்கு 806, ஜான்சனுக்கு 409. மறுநாள் கென்னடி அவரைத் துணை அதிபராக நிற்க அழைத்தார். தொழிற்சங்கத் தலைவர்கள் கொதித்தார்கள். தம்பி ராபர்ட் கென்னடி ஓட்டலில் ஜான்சனின் அறைக்கே போய், விலகிக்கொள்ளும்படி பேசிப் பார்த்தார். ஜான்சன் அசையவில்லை. ராபர்ட்டுக்கும் ஜான்சனுக்கும் நடுவில் இருந்த கசப்பு கடைசிவரை தீரவில்லை.

இப்போது கணக்கு. ஜான்சனின் டெக்சஸில் ஜெயித்தது ஏறக்குறைய 46,000 ஓட்டில்தான். அங்கே 24 தேர்வாளர் வாக்குகள் (அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுப்பது மாநிலவாரியாக வரும் இந்தத் தேர்வாளர்கள்தான்). கென்னடி வாங்கிய மொத்தம் 303. அதில் 24-ஐக் கழித்தால் 279. ஜெயிக்கத் தேவைப்பட்டதோ 269. ஆக, டெக்சஸ் ஒன்றுதான் காப்பாற்றியது என்பது சரியில்லை. ஆனால் ஜான்சன் சும்மாவும் இருக்கவில்லை. ரயிலேறித் தெற்கு முழுக்கச் சுற்றினார். வடக்கத்திய கத்தோலிக்கரான கென்னடியை நம்பத் தயங்கிய ஊர்களில், அவர்கள் பேச்சிலேயே பேசினார். கரோலினாக்கள், ஜார்ஜியா, லூசியானா எல்லாம் கட்சியோடு நின்றதில் அவருக்குப் பங்கு உண்டு. அவர் கொண்டுவந்தது மாநாட்டில் தனக்கு விழுந்த ஓட்டுகளை அல்ல, கென்னடியால் போக முடியாத இடங்களை. எதிராளியைச் சேர்ப்பதாக இருந்தால் நான் பார்ப்பது இதைத்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கென்னடி சுட்டுக் கொல்லப்பட்ட 1963 நவம்பர் 22 அன்று டல்லாஸ் விமானநிலையத்தில், விமானத்துக்குள்ளேயே பதவிப் பிரமாணம் எடுத்தவர் இந்த ஜான்சன்தான். கட்சிக்குள் சமாதானத்துக்காகக் கொடுத்த நாற்காலி, மூன்றே வருடத்தில் நாட்டையே கையில் கொடுத்தது.

திருநெல்வேலியிலிருந்து: பேசாமல் இரண்டாமிடம் வந்தவரே துணை அதிபர் என்று சட்டம் போட்டுவிட்டால் என்ன?

போட்டுப் பார்த்துத்தான் கைவிட்டார்கள், ஐயா. பிரைமரியில் அல்ல, அதிபர் தேர்தலிலேயே அப்படித்தான் இருந்தது. 1796-ல் ஜான் ஆடம்ஸ் அதிபர், அவரை எதிர்த்து நின்ற ஜெஃபர்சன் துணை அதிபர். நான்கு வருடம் எப்படி ஓடியிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். 1800-ல் ஜெஃபர்சனும் அவருக்குத் துணையாக நின்ற ஆரன் பர்ரும் 73–73 என்று சமமாகிவிட, பிரதிநிதிகள் சபை 36 முறை ஓட்டெடுத்துத்தான் முடிச்சை அவிழ்த்தது. 1804-ல் பன்னிரண்டாவது திருத்தம் வந்து அதிபருக்குத் தனி ஓட்டு, துணை அதிபருக்குத் தனி ஓட்டு என்று பிரித்தது.

மன்னார்குடியிலிருந்து: எங்கள் பக்கத்துத் துளசேந்திரபுரம் கமலா ஹாரிஸின் தாத்தா ஊர். பைடனை மேடையிலேயே மடக்கியவரை பைடன் எப்படிச் சேர்த்துக்கொண்டார்?

2019 ஜூனில் மயாமி விவாதத்தில் நடந்ததைச் சொல்கிறீர்கள். கறுப்பினப் பிள்ளைகளை பஸ்ஸில் வேறு பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பிய ஏற்பாட்டை பைடன் அந்தக் காலத்தில் எதிர்த்ததை எடுத்துப் பேசி, அந்த பஸ்ஸில் போன சின்னப் பெண் நான்தான் என்றார் ஹாரிஸ். பைடன் ஆடிப்போனார். ஆனால் டிசம்பரிலேயே, ஒரு ஓட்டுகூட விழும் முன்பே, ஹாரிஸ் போட்டியிலிருந்து விலகிவிட்டார். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. சண்டை கடைசிவரை போகவில்லை, ஆதரவாளர்களுக்குள் ஆறாத புண் இல்லை.

2020 ஜூலை கடைசியில் வில்மிங்டனில் பைடன் கையில் வைத்திருந்த குறிப்புத் தாளை ஒரு புகைப்படக்காரர் படம் பிடித்துவிட்டார். மேலே ஹாரிஸ் பெயர். அதன் கீழே முதல் வரி, ‘மனதில் வன்மம் வைத்துக்கொள்ளாதே’. யாராவது கேட்டால் சொல்ல எழுதிக்கொண்டதா, தனக்கே சொல்லிக்கொண்டதா தெரியாது. இரண்டே வாரத்தில் ஹாரிஸ்தான் துணை அதிபர் வேட்பாளர். பைடனும் அந்த வழியில் வந்தவர்தானே. 2007-ல் போட்டியில் இறங்கிய அன்றே ஒபாமாவைப் பற்றி ஏடாகூடமாகப் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டவர், அடுத்த வருடம் அதே ஒபாமாவுக்குத் துணை.

சிங்கப்பூரிலிருந்து: பிரைமரி நடக்கும்போதே இரண்டு பேர் கைகோத்து மூன்றாமவரை வீழ்த்த முடியாதா?

2016-ல் ட்ரம்ப்பைத் தடுக்க டெட் க்ரூஸ் இரண்டு விதமாக அதைச் செய்து பார்த்தார். முதலில் ஜான் கேசிக்குடன் உடன்பாடு: இண்டியானாவை நீ விட்டுக்கொடு, ஓரிகனையும் நியூ மெக்சிகோவையும் நான் விடுகிறேன் என்று. தன் ஆதரவாளர்கள் இண்டியானாவில் தனக்கே ஓட்டுப் போட வேண்டும் என்று மறுநாளே கேசிக் பேச, விஷயம் சந்தி சிரித்தது. பிறகு ஏப்ரல் 27 அன்று, முன்பே விலகியிருந்த கார்லி ஃபியோரினாவைத் தன் துணை அதிபர் வேட்பாளராக க்ரூஸ் அறிவித்தார். மே 3 அன்று இண்டியானாவில் தோற்றுப் போட்டியிலிருந்தே விலகினார். பெண் கிடைக்கும் முன்பே பந்தக்கால் நட்ட கதை. ஜெயிக்கிறவர் கூப்பிட்டால்தான் மதிப்பு. தோற்கப் போகிறவர்கள் கூடினால் பயம் என்றுதான் ஊர் படிக்கும்.

சென்னையிலிருந்து: அதிகாரத்தைப் பாதிப்பாதி பிரித்துக்கொண்டால் சண்டை வராதே?

1980 டெட்ராய்ட் மாநாட்டில் ரீகன் தரப்பு முன்னாள் அதிபர் ஃபோர்டைத் துணை அதிபராக நிற்கக் கேட்டது. 1976-ல் ஃபோர்டின் நாற்காலிக்கே போட்டி போட்டு நூலிழையில் தோற்றவர் ரீகன். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே ஃபோர்டு தொலைக்காட்சியில் வால்ட்டர் க்ரான்கைட்டுக்குப் பேட்டி கொடுக்க உட்கார்ந்தார். இது இணை அதிபர் பதவி மாதிரியா என்று க்ரான்கைட் கேட்டபோது ஃபோர்டு அடித்து மறுக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த ரீகனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று இரவே பேச்சு முறிந்தது. பிரைமரியில் ரீகனை எதிர்த்து நின்று தோற்ற ஜார்ஜ் புஷ்ஷுக்குப் போன் போனது. சில மாதங்களுக்கு முன்தான் ரீகனின் வரிக்குறைப்புத் திட்டத்தை ‘மாந்திரீகப் பொருளாதாரம்’ என்று புஷ் கேலி செய்திருந்தார். அந்தச் சொல்லை அதோடு விழுங்கிவிட்டு எட்டு வருடம் வாயைத் திறக்காமல் துணை அதிபராக இருந்தார். 1988 தேர்தலில் ஜெயித்து அதிபரும் ஆனார்.

யாழ்ப்பாணத்திலிருந்து: ஒரே மாநிலத்துக்காரர்கள் இரண்டு பேர் சேர முடியாது என்பது உண்மையோ?

சேரலாம். ஆனால் அந்த மாநிலத்துத் தேர்வாளர்கள் தங்கள் மாநிலத்தார் இரண்டு பேருக்கும் சேர்த்து ஓட்டுப் போட முடியாது. 2024-ல் ட்ரம்ப்பின் பழைய பிரைமரி எதிராளி மார்கோ ரூபியோவின் பெயர் அடிபட்டபோது இந்தச் சிக்கல் எழுந்தது. இருவருமே ஃப்ளோரிடா, அங்கே 30 வாக்கு. 2000-ல் டெக்சஸில் குடியிருந்த டிக் செய்னி, ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷோடு நிற்பதற்காகத் தன் வாக்காளர் பதிவைச் சொந்த மாநிலமான வயோமிங்குக்கு மாற்றிக்கொண்டார்.

சேலத்திலிருந்து: சேராமல் போனால் என்ன ஆகும்?

1980 ஆகஸ்ட், நியூயார்க். அதிபர் கார்ட்டரை எதிர்த்து பிரைமரியில் நின்று தோற்ற டெட் கென்னடி மாநாட்டின் கடைசி இரவில் மேடைக்கு வந்தார். துணை அதிபராக மாண்டேல் ஏற்கெனவே இருந்ததால் டிக்கெட் பேச்சுக்கே இடமில்லை. கார்ட்டர் எதிர்பார்த்தது இருவர் கையும் கோத்து மேலே உயர்ந்து நிற்கும் ஒரு படத்தைத்தான். கென்னடி கை குலுக்கினார், நகர்ந்தார். கார்ட்டர் பின்னாலேயே போனார். மறுபடி கை குலுக்கல், மறுபடி நகர்வு. நாடே டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கை கடைசிவரை உயரவில்லை. நவம்பரில் கார்ட்டருக்குக் கிடைத்தது ஆறு மாநிலமும் தலைநகரும்.

கை உயர்ந்திருந்தால் ஜெயித்திருப்பாரா? பணவீக்கத்தையும் ஈரான் பிணைக்கைதிகளையும் வைத்துக்கொண்டு? எனக்கு நம்பிக்கை இல்லை.