கொழுப்பு ஒட்டிய புரதம் கலத்தை விட்டு எப்படி வெளியேறுகிறது?

யாழ்ப்பாணத்தில் உயர்தர உயிரியல் படிக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டது: முளையத்தில் (வளரத் தொடங்கிய கருவில்) ஒரு கலம் அயல் கலங்களுக்கு அனுப்பும் சமிக்ஞைப் புரதம் எப்படி வெளியேறுகிறது?

பாடத்தில் படித்த பாதைதான்: புரதம் உருவாகும் அகமுதலுருச் சிறுவலை, அதைப் பொதி செய்யும் கொல்கி உபகரணம், சுமந்து செல்லும் சிறு பையான புடகம், கலத்தைச் சூழ்ந்த மென்சவ்வு. ஆனால் உண்மையான அழகு அதற்குப் பிறகுதான். வீட்டில் அடைவைத்த கோழிமுட்டையை நினையுங்கோ. குஞ்சின் சிறகரும்பில் (பிறகு சிறகாக வளரும் மொட்டில்) பின்விளிம்புக் கலங்கள் சோனிக் ஹெட்ஜ்ஹொக் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அதன் ஒரு முனையில் கொலஸ்திரோல், மறுமுனையில் பாமிற்றிக் அமிலம். இரண்டும் கொழுப்பு சார்ந்தவை. அதனால் புரதம் மென்சவ்வை விட்டு லேசில் விலகாது. டிஸ்பாட்ச்ட் என்ற மென்சவ்வுப் புரதம்தான் அதை மென்சவ்விலிருந்து பிரித்து விடுகிறது. அது இல்லாவிட்டால் சமிக்ஞை தயாரான கலத்திலேயே தேங்கும்.

சுரந்த இடத்தருகே செறிவு கூட, தள்ளிப்போகக் குறைவு. சிறகில் எந்த விரல் எங்கே என்பதில் அந்தச் செறிவுக்குப் பெரிய பங்கு. அந்தப் பின்விளிம்பை வெட்டி இன்னொரு அரும்பின் முன்விளிம்பில் ஒட்டினால், கண்ணாடி விம்பம் போல விரல்கள் இரட்டிக்கும்!