பாட்டு கற்றதில்லை, வயது முப்பதைத் தாண்டிவிட்டது. சென்னையில் ஒரு கொயரில் (பல குரல்களாகப் பிரிந்து சேர்ந்து பாடும் குழுவில்) சேர்ந்து டிசம்பர் கச்சேரிகளில் பாட முடியுமா? சீசன் முழுக்க என்னதான் நடக்கும்?

முடியும், தாராளமாக. வட சென்னையில் ஒரு சிறிய கொயரில் பல வருடங்களாக ஆல்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) பாடுகிறேன். வங்கியில் வேலை பார்ப்பவர், ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர், கல்லூரிப் பிள்ளைகள், ஒரு பல் டாக்டர் என்று எல்லாரும் இருக்கிறோம், முறையாகச் சங்கீதம் படித்தவர்கள் அதில் பாதிகூட இல்லை. குரல் தேர்வு வைப்பார்கள், அதற்குப் பயப்பட வேண்டாம். கீபோர்டில் ஒரு ஸ்வரத்தை அழுத்தி அதையே பாடச் சொல்வார்கள், அப்புறம் குரல் மேலே எதுவரை போகிறது, கீழே எதுவரை இறங்குகிறது என்று பார்த்து சோப்ரானோ (பெண்களின் உயர்ந்த குரல்), ஆல்டோ, டெனர் (ஆண்களின் உயர்ந்த குரல்), பேஸ் (ஆண்களின் தாழ்ந்த குரல்) என்ற நான்கில் ஒன்றில் உட்கார வைப்பார்கள். நீங்கள் ஆணாக இருந்து டெனர் உயரம் எட்டிவிட்டால் உங்களை விடவே மாட்டார்கள், எங்கே போனாலும் டெனருக்குத்தான் பஞ்சம்.

குரலைவிடக் காதுதான் முக்கியம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். எங்களிடம் வருகிறவர்களில் பலருக்குக் கர்நாடக சங்கீதம் கொஞ்சமாவது தெரிந்திருக்கும், நல்ல குரல் இருக்கும், ஆனால் முதல் சில வாரங்கள் திணறிப் போவார்கள். கர்நாடகக் கச்சேரியில் தம்புரா கூடவே ஓடிக்கொண்டிருக்கும், பாடகர் தன் சுருதியைத் தானே தேர்ந்தெடுப்பார், ஒரு ஸ்வரத்தை எப்படி அசைத்தால் ராகம் வரும் என்பது அவர் பொறுப்பு. கொயரில் அப்படி இல்லை. ஒருவர் ச, ஒருவர் ப, நான் நடுவில் அந்தர காந்தாரம் (உயர்ந்த 'க') பிடிக்கிறேன் என்று வையுங்கள், அந்தக் காந்தாரத்தில் துளி கமகம் (அசைவு) கொடுத்தாலும் மொத்தமும் கலங்கிவிடும். அசையாமல், பக்கத்தில் இருப்பவர் குரலுக்குள் என் குரல் மறையும் அளவில் நிற்க வேண்டும். வாத்தியம் இல்லாமல் பாடும்போது இன்னொரு சிக்கல், பாட்டு முடிவதற்குள் மொத்தக் குழுவும் சேர்ந்தே அரை ஸ்வரம் இறங்கியிருப்போம், யாருக்கும் தெரியாது, கடைசியில் கொயர் மாஸ்டர் கீபோர்டைத் தொட்டுக் காட்டும்போதுதான் உறைக்கும். களைப்பு, புழுக்கம், ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பப் பாடுவது, மேலிருந்து கீழே இறங்கும் வரிகள், எல்லாமே காரணம். இதைச் சரிசெய்வதற்கே பயிற்சியில் பாதி நேரம் போகிறது.

எங்கள் வருடம் ஜூலையில் தொடங்கும். ஆகஸ்ட் 15-க்கு ஒரு சின்ன நிகழ்ச்சி, அதில் பாரதி பாட்டுகளும் வேற்று மொழிப் பாட்டுகளும் இருக்கும். இந்தியப் பாட்டுகளைப் பல குரல்களில் பாடும் வழக்கத்துக்கு எம்.பி. சீனிவாசனைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1988-ல் இறந்துபோன அந்த இசையமைப்பாளர்தான் மெட்ராஸ் யூத் கொயரைத் தொடங்கி, சேர்ந்திசையைச் சர்ச்சுக்கு வெளியே பெரிய கூட்டங்களுக்குக் கொண்டுபோனவர். மேல்நாட்டு இசையைக் கூட்டமாகப் பாடுவது இந்த ஊருக்கு இன்னும் பழைய பழக்கம், மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893-ல் தொடங்கியது. அத்தனை வருடம் ஒரு கூட்டம் விடாமல் கூடிப் பாடிக்கொண்டிருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

செப்டம்பரிலிருந்து வேலை கடினம். ஒவ்வொரு பார்ட்டும் (குரல் பகுதியும்) தனியாக உட்கார்ந்து பயிற்சி, பிறகு நான்கும் சேர்ந்து. உங்கள் பார்ட்டை மட்டும் பதிவுசெய்து வாட்ஸாப்பில் அனுப்புவார்கள், பஸ்ஸிலும் சமையலறையிலும் அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோடுகளில் எழுதும் மேல்நாட்டு இசைக்குறிப்பு) தெரியாவிட்டால் பரவாயில்லை, சர்ச் கொயர்களில் வளர்ந்தவர்கள் டானிக் சோல்ஃபாவிலேயே (டோ, ரே, மி என்று எழுத்துகளில் எழுதும் முறை) முழுப் பாட்டையும் படித்துவிடுவார்கள், பக்கத்தில் உட்கார்ந்தால் நீங்களும் பிடித்துக்கொள்வீர்கள். ஆல்டோ என்றால் ஒன்று சொல்லிவிடுகிறேன், தனியாகக் கேட்டால் உங்கள் வரி சப்பென்று இருக்கும், நாலு ஸ்வரத்துக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். வீட்டில் பாடிக் காட்டினால் "இது என்ன பாட்டு?" என்பார்கள். மற்ற மூன்றும் சேரும் நாளில்தான் அந்த ஸ்வரங்கள் ஏன் அங்கே இருக்கின்றன என்று புரியும், அந்த நாளுக்காகவே நான் ஒவ்வொரு வருடமும் போகிறேன்.

அக்டோபர், நவம்பரில் மழை. தெருவில் தண்ணீர் நின்றால் பயிற்சி ரத்து, பாதிப் பேருக்குத் தொண்டைக்கட்டு. இதையும் கணக்கில் வைத்துத்தான் ஜூலையிலேயே தொடங்குகிறோம்.

டிசம்பரில் முதியோர் இல்லம், சர்ச்சில் கீத ஆராதனை (கிறிஸ்துமஸ் பாட்டு வழிபாடு), வாடகைக்கு எடுத்த அரங்கில் பெரிய கச்சேரி. ஹேண்டல் என்ற மேல்நாட்டு இசையமைப்பாளர் இயேசுவைப் பற்றி எழுதிய 'மெசையா' என்ற நீண்ட இசைப் படைப்பிலிருந்து சில கோரஸ்கள் (கூட்டுப் பாட்டுகள்) கட்டாயம் இருக்கும். 1741-ல் மூன்று வாரங்களுக்குச் சற்று அதிகமான நாட்களில் எழுதி முடித்து, 1742 ஏப்ரலில் டப்ளினில் முதலில் பாடப்பட்டது அது. ஈஸ்டரை ஒட்டி அரங்கேறியது என்றாலும் இங்கே நாங்கள் கிறிஸ்துமஸுக்குத்தான் பாடுகிறோம். அல்லேலூயா கோரஸ் வந்ததும் கூட்டம் எழுந்து நிற்கும். பேஸ் பாடும் எங்கள் ரயில்வே அண்ணன் அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் கண் கலங்குவார், எங்களுக்கும் தொற்றிக்கொள்ளும்.

அரங்கக் கச்சேரியைத்தான் எல்லாரும் பெரிதாக நினைக்கிறார்கள், எனக்கு முதியோர் இல்லத்தில் பாடுவதுதான் பெரிது. மேடை கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது, கேட்பவர்கள் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கிறார்கள், உச்சரிப்பு கொஞ்சம் தெளிவில்லை என்றாலும் முகத்தில் தெரிந்துவிடும். அங்கே ஒழுங்காகப் பாடிய வருடங்களில் அரங்கில் எங்களுக்கு நடுக்கமே இருந்ததில்லை. அரங்கில் ஏசி தொண்டையை வறட்டும், வெந்நீர் ஃபிளாஸ்க் கொண்டுபோங்கள்.

நேரம் என்று கேட்டால், வாரத்துக்கு ஒரு மாலை, நவம்பர் கடைசியில் இரண்டு மூன்று, டிசம்பரில் வாரக் கடைசிகள் மொத்தமும் போகும். வீட்டில் இப்போதே சொல்லிவையுங்கள். செலவு அதிகமில்லை, சந்தா, பாட்டுத்தாள் ஜெராக்ஸ், கறுப்பு ஃபைல், கச்சேரிக்கு ஒரே நிறத்தில் புடவையோ சட்டையோ.

நவம்பரில் போய்ச் சேராதீர்கள், பாட்டுகள் பாதி கடந்திருக்கும், நீங்கள் வெறுத்துப் போவீர்கள். இந்த டிசம்பரில் வீட்டுக்குப் பக்கத்து சர்ச்சில் கீத ஆராதனைக்குப் போய் உட்காருங்கள், எந்த மதத்தினர் வந்தாலும் வரவேற்பார்கள். மெட்டை விட்டுவிட்டு ஒரு பாட்டு முழுக்க ஆல்டோவை மட்டும், அடுத்த பாட்டில் பேஸை மட்டும் பிரித்துக் கேட்க முயலுங்கள். முடிந்தால் ஜனவரியிலேயே அங்கே பாடிய கொயரின் மாஸ்டரிடம் பேசிவிடுங்கள், பெரும்பாலும் அப்போதுதான் ஆட்கள் விலகி இடம் காலியாகும்.