பானெட்டுக்குள் கேட்ச் கேனுக்கு எது இடம்?

குன்னூர் மெக்கானிக்கின் கேள்வி - பதில்

கேள்வி: அண்ணா, வணக்கம். கோத்தகிரி - மேட்டுப்பாளையம் டாக்சி ஓட்டுகிறேன். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ பெட்ரோல் வண்டி. 70,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, வாரண்டி முடிந்தது. போன சர்வீஸில் இன்டேக் வால்வில் கரி படிந்திருக்கிறது என்று சுத்தம் செய்து கொடுத்தார்கள். மறுபடி படியக்கூடாது என்று, இன்ஜினிலிருந்து வரும் ஆயில் ஆவியைப் பிடித்து வைக்கும் டப்பாவான ஆயில் கேட்ச் கேன் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். கோயம்புத்தூரில் ஒருவர் காற்று படும்படி கிரில்லுக்குப் பின்னால் மாட்டு என்கிறார். இங்கே ஒருவர் ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகட்டுச் சுவர்) மாட்டு என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- வாசகர், அரவேணு

பதில்: இரண்டு பேரும் டப்பாவை எங்கே திருகுவது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். எந்தக் குழாயில் சேர்ப்பது என்பது அதற்கு முந்தைய கேள்வி. முதலில் அது.

பிஸ்டன் ரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எரிந்த வாயு கொஞ்சம் கீழே கசிந்து ஆயில் சேம்பருக்குள் இறங்கும். அது ஆயில் ஆவியையும் சேர்த்துக்கொண்டு வெளியே வரப் பார்க்கும். அந்தக் காலத்து வண்டிகளில் ஒரு பைப்பைத் தரையைப் பார்க்க விட்டிருப்பார்கள், சொட்டிக்கொண்டே போகும். 1960களிலிருந்து அதைத் திரும்ப இன்ஜினுக்குள்ளேயே விட்டு எரிக்க ஆரம்பித்தார்கள். அதற்குத்தான் பி.சி.வி. வால்வு. பழைய பெட்ரோல் வண்டிகளில் இன்ஜெக்டர் வால்வின் முதுகில் பெட்ரோலைத் தெளிக்கும், படிகிற பிசுக்கு கழுவிப் போய்விடும். உங்கள் வண்டியில் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் போகிறது. வால்வைக் கழுவ ஆளில்லை. அதனால் உங்கள் மாதிரி வண்டிக்கு கேட்ச் கேன் வாங்கியதை வீண் செலவு என்று சொல்ல மாட்டேன்.

டர்போ வண்டியில் இந்த ஆவிக்கு இரண்டு வழி உண்டு. ஆக்சிலேட்டரை விட்டிருக்கும்போது இன்டேக் மேனிபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்) பலமாக உறிஞ்சும், ஆவி பி.சி.வி. வால்வு வழியாக அங்கே போகும். மிதிக்கும்போது டர்போ அழுத்தம் மேனிபோல்டில் ஏறுவதால் அந்த வழி மூடிக்கொள்ளும். ஆவி பிரீதர் குழாய் வழியாக டர்போவுக்கு முன்னால் இருக்கும் காற்றுக் குழாய்க்குப் போகும். இப்போது உங்கள் ரோட்டை நினைத்துப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குஞ்சப்பனை வழியாகக் கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர். அதற்குள் 1,400 மீட்டருக்கு மேல் ஏறுகிறீர்கள். ஏறும்போதெல்லாம் பிரீதர் பக்கம். இரண்டாவது கியரில் காலை எடுத்துவிட்டு இறங்கும்போதெல்லாம் பி.சி.வி. பக்கம். சமவெளியில் ஓட்டுகிறவருக்கு இப்படி ஒரு பக்கமாகவே அரை மணி நேரம் ஓடாது.

அதனால் ஊரார் சொல்வதை விட்டுவிட்டு உங்கள் வண்டியையே கேளுங்கள். இன்ஜின் ஆறியதும் இரண்டு குழாயையும் ஒரு முனையில் கழற்றி, வெள்ளைத் துணியை விரலில் சுற்றி உள்ளே ஒரு சுற்று சுற்றி எடுங்கள். எதில் ஆயில் சொதசொதவென்று வருகிறதோ அதுதான் கேன் சேர வேண்டிய வழி. பி.சி.வி. பக்கம் என்றால் வால்வுக்கும் மேனிபோல்டுக்கும் நடுவில் சேருங்கள். வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த இடத்தில் கேனை வைக்கச் சொல்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள். இன்னொன்று. சில இன்ஜின்களில் பி.சி.வி. வால்வு டாப்பெட் கவருக்குள்ளேயே (இன்ஜின் தலைமேல் உள்ள மூடி) அடக்கம், வெளியே குழாயே இருக்காது. அப்படி இருந்தால் பி.சி.வி. பக்கத்தை மறந்துவிடுங்கள். கவரைத் துளைத்து வழி உண்டாக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

சரி, இப்போது திருகாணிக்கு வருவோம். கேன் சூடு இல்லாத இடத்தில் இருக்க வேண்டும், ஆவி குளிர்ந்தால்தான் திரவமாகிக் கீழே தங்கும். எரிந்த புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டும் டர்போவும் எந்தப் பக்கம் என்று பாருங்கள். அவை ஃபயர்வால் பக்கம் இருந்தால் உங்கள் ஊர்க்காரர் சொன்ன இடம் அடுப்பு மேடைதான். ஆனால் கோயம்புத்தூர்க்காரர் சொன்ன கிரில் கோயம்புத்தூருக்குச் சரி. நமக்குச் சரியில்லை. இதை நான் கெட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

பத்து வருடம் முன்னால் ஊட்டியில் ஒரு நண்பரின் காருக்கு ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில், நல்ல காற்று படும் இடத்தில் நானே கேன் மாட்டிக் கொடுத்தேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும், துளி கீழேயும் கசியும். வீட்டுக்கும் கடைக்கும் மட்டும் ஓடும் வண்டியில் இன்ஜின் முழுச் சூட்டுக்கே வராது, அந்தத் தண்ணீர் கேனில் சேரும். ஜனவரி, உறைபனியில் தலைகுந்தா புல்வெளி வெள்ளையாகக் கிடக்கிற வாரம். காலையில் ஸ்டார்ட் செய்து ஏற்றத்தில் விரட்டியிருக்கிறார். போன் வந்தது: "என்னப்பா, ஆயில் குச்சி தானா மேல வந்து நிக்குது?" போய்ப் பார்த்தால் டிப்ஸ்டிக் இரண்டு அங்குலம் தூக்கி நிற்கிறது, கிராங்க் முன் ஆயில் சீல் கசிகிறது. குழாயைத் தொய்வாக விட்டிருந்தேன். தொய்வின் வயிற்றில் தண்ணீர் தேங்கி, உறைந்து, அடைத்துவிட்டது. உள்ளே அழுத்தம் போக வழியில்லாமல் சீலைத் தள்ளியிருக்கிறது. சீல் மாற்றிய செலவு என் கையிலிருந்துதான். நியாயம்தானே.

அதிலிருந்து மலை வண்டிக்கு நான் தேடும் இடம் பேட்டரி ட்ரேக்கும் ஏர் பில்டர் பெட்டிக்கும் நடுவில், அல்லது ஷாக் அப்சார்பரின் தலை திருகியிருக்கும் சஸ்பென்ஷன் டவர் ஓரம். சூடும் இல்லை, நேர் காற்றும் இல்லை. டாப்பெட் கவரிலிருந்து கேனுக்கு வரும் குழாய் ஒரே சரிவாக இறங்க வேண்டும், நடுவில் வயிறு தொங்கக்கூடாது. கேனிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாய் ஒரே ஏற்றமாக ஏற வேண்டும். அதில் துளி நின்றாலும் திரும்ப டப்பாவுக்கே விழும். கேனை பாடியில் திருகினால் குழாயில் கொஞ்சம் நீளம் விடுங்கள், இன்ஜின் ஆடும். ஏற்கெனவே இருக்கும் போல்ட்டில் பிராக்கெட் கொடுங்கள், புதிதாகத் துளை போட்டால் நம் மழைக்கு அங்கே துரு பிடிக்கும்.

மூடுவதற்கு முன் கேனின் தலையில் சப்பாத்தி மாவு ஓர் உருண்டை வைத்து பானெட்டை மெதுவாக இறக்கித் திறந்து பாருங்கள். மாவு விரல் தடிமனாவது மிஞ்ச வேண்டும். அப்பளம் மாதிரி நசுங்கியிருந்தால் கேன் முதல் பள்ளத்திலேயே பானெட்டை இடிக்கும். (மாவு கேட்டால் வீட்டில் முறைப்பார்கள், காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.)

குழாயில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். ரேடியேட்டர் ஹோஸ் மிச்சம் இருக்கிறது என்று அதை வெட்டிப் போடுவார்கள். அந்த ரப்பர் ஆயில் பட்டால் ஊதிப் புண்ணாகிவிடும். ஆயிலுக்கென்று உள்ள ஹோஸ், பழைய குழாயின் உள்விட்டத்துக்குக் குறையாமல், உறிஞ்சலுக்கு அமுங்காததாகக் கேட்டு வாங்குங்கள். கேனில் உள்ளே வரும் வாய் எது, வெளியே போகும் வாய் எது என்று குறித்திருக்கும். மாற்றினால் வடிகட்டாது.

கடைசியாக, கை எட்டும் இடமாக இருக்க வேண்டும். அடியில் ஒளித்து வைத்த கேனை யாரும் காலி செய்வதில்லை. முதலில் 1,000 கிலோமீட்டரில் திறந்து பாருங்கள். மழைக்காலத்தில் பால் அதிகம் விட்ட காபி நிறத்தில் கொழகொழவென்று வரும், பயப்பட வேண்டாம், தண்ணீரும் ஆயிலும் கலந்தது. பனிக்காலத்தில் வாரம் ஒருமுறை பாருங்கள். அதைத் திரும்ப இன்ஜினில் ஊற்றக்கூடாது, தேயிலைக் காட்டு ஓடையிலும் ஊற்றக்கூடாது. பட்டறையில் கழிவு ஆயில் டிரம் இருக்கும், அங்கே கொடுங்கள்.

கேள்வி: என் டீசல் வண்டி 2012 மாடல். புகை அதிகம், ஆயிலும் குறைகிறது. கேட்ச் கேன் வைத்தால் சரியாகுமா?
- வாசகி, வெலிங்டன்

பதில்: ஆகாதுங்கம்மா. இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதே ஓட்டை மேல் சும்மா கவிழ்த்து வைத்துப் பாருங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. தூக்கி எறிந்தால் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். நல்ல மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நிலையில் கேன் வைத்தால் ஆபத்தும் உண்டு. கேன் நிரம்பிய வண்டியைக் கொண்டை ஊசியில் திருப்பும்போது ஆயில் மொத்தமாக டர்போவுக்குள் போனால், டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே குடித்துக்கொண்டு தானாக ஓடும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது.

கேள்வி: டப்பாவே வேண்டாம், பழைய ஜீப் மாதிரி பைப்பைத் தரைக்கு விட்டுவிடலாமா?
- வாசகர், கூடலூர்

பதில்: வேண்டாம். பல வண்டிகளில் உள்ளே போகும் காற்றை சென்சார் அளக்கிறது. கணக்கில் வராத காற்று நுழைந்தால் ஐடிலிங் தடுமாறும், செக் இன்ஜின் விளக்கு எரியும். புகைக் கட்டுப்பாட்டுக்காக வைத்ததைக் கழற்றிய குற்றமும் சேரும். அந்த ஆயில் ஆவியின் வாடை ஏ.சி. வழியாக உள்ளே வந்தால் பின் சீட்டில் இருப்பவர்கள் நடுவட்டம் வருவதற்குள் ஜன்னலைத் திறக்கச் சொல்வார்கள்.