வாட்டில் தொடங்கிய தூக்கக் குளிசை: நர்ஸ் மிஸ்ஸிடம் கேட்டவை

ஹட்டனிலிருந்து: மிஸ், எங்கள் அப்பாயிக்கு 72 வயது. வாட்டில் இருந்தபோது தூங்குவதற்கு டயசிபாம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ரெண்டு மாதமாகியும் பாமசியில் வாங்கிக் கொடுக்கிறோம். காலையில் தள்ளாடுகிறார்.

தள்ளாட்டம் அந்தக் குளிசையால் இருக்கலாம். வயதானவர் உடம்பில் டயசிபாம் நாள்கணக்கில் தங்கும். நேற்றையது தீருமுன் இன்றையதும் சேரும். ராத்திரி லயத்துப் படி இறங்கிக் கக்கூசுக்குப் போகிறவர் ஒருமுறை சறுக்கினால் இடுப்பெலும்பு போய்விடும். 65 வயது தாண்டியவர்களுக்கு இந்த வகை மருந்தைக் கூடியவரை தவிர்க்கச் சொல்வது இதனால்தான். ஆனால் நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். ரெண்டு மாதம் பழகிய உடம்பு சட்டென்று விட்டால் பதற்றம், நடுக்கம், சிலருக்கு வலிப்புகூட வரும். வாட்டிலிருந்து வரும்போது கொடுத்த டயக்னோசிஸ் கார்ட்டையும் குளிசையையும் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். டொக்டர் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். அடுத்த முறை வாட்டிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போதே, "இது எத்தனை நாளைக்கு?" என்று கேட்டுவிடுங்கள்.

தலவாக்கலையிலிருந்து: தூக்கத்துக்குப் பிரிட்டன் (Piriton) என்ற அலர்ஜிக் குளிசையைக் கொடுக்கலாமா மிஸ்?

வயதானவர்களுக்கு வேண்டாம். மனம் குழம்பும், மூத்திரம் அடைக்கும்.

பண்டாரவளையிலிருந்து: என் வீட்டுக்காரர் தினமும் குடிப்பவர். கால் முறிந்து வாட்டில் சேர்த்தோம். மூன்றாம் நாள் கை நடுங்கி, சுவரில் பூச்சி ஓடுகிறது என்றார். டயசிபாம் கொடுக்கிறார்கள். பழகிவிடுமோ என்று பயம்.

தங்கச்சி, குடி திடீரென்று நின்றதால் வந்தது அது. உயிருக்கே ஆபத்தானது. அதற்கு டயசிபாம்தான் வைத்தியம். சில நாளில் குறைத்து நிறுத்திவிடுவார்கள், பயப்படாதீர்கள். குடிப்பதை வெட்கப்பட்டு மறைக்கிற குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சேர்க்கும்போதே சொன்னால் முதல் நாளே கவனிப்பார்கள். வீட்டுக்கு வந்தபின் குடியோடு இந்தக் குளிசையைச் சேர்த்தால் மூச்சே அடங்கிவிடும்.

பதுளையிலிருந்து: குளிசை இல்லாமல் வாட்டில் எப்படித் தூங்குவது?

ஏன் தூக்கம் வரவில்லை என்று சொல்லுங்கள். வலியா, மூச்சு முட்டுகிறதா, குளிரா, பிள்ளைகள் நினைப்பா? குளிருக்குக் கம்பளி போதும். பின்னேரம் தேத்தண்ணியைக் குறையுங்கள். நம் அம்மாமாருக்குச் சிங்களம் சரியாக வராது. "நிந்த நே" (தூக்கம் இல்லை) என்று மட்டும் சொல்வார்கள், தூக்கக் குளிசை வந்துவிடும். ஒரு அம்மா வயிற்று வலியோடு மூன்று ராத்திரி அப்படியே கிடந்தார். "ரிதெனவா" (வலிக்கிறது) என்ற ஒரு சொல் தெரிந்திருந்தால் அன்றைக்கே வலியைப் பார்த்திருப்பார்கள்.