மாதிரிக் கல்வெட்டில் உங்கள் அப்பா இல்லை

கேள்வி: அப்பா காலமாகி இரண்டு கிழமை. முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு (நினைவு மலர்ப் புத்தகம்) அடிக்க வேண்டும். பதவி, பட்டம் என்று அவர் எதுவும் சாதிக்கவில்லை. வேலை, வீடு, பிள்ளைகள், அவ்வளவுதான். 32 பக்கத்துக்கு என்ன எழுதுவது? அச்சகத்தில் ஒரு மாதிரி வைத்திருக்கிறார்கள். பெயரையும் படத்தையும் மாற்றிப் போட்டால் போதாதா? (வாசகி, ஸ்காபரோ, ரொறன்ரோ)

பதில்: போதும். மதியச் சாப்பாடு முடிந்து போகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு புத்தகம் கிடைத்துவிடும். 'அன்புக் கணவர், பாசமிகு தந்தை, பண்பின் சிகரம்' என்று ஒருவர் அதில் இருப்பார். போன மாதம் வேறொரு வீட்டுக் கல்வெட்டில் இருந்தவரும் அவரேதான்.

வேலை, வீடு, பிள்ளைகள் என்று நீங்கள் மூன்று சொல்லில் முடித்ததைத்தான் விரித்து எழுத வேண்டும். என்ன வேலை? விடிய எத்தனை மணிக்கு வீட்டைவிட்டு இறங்குவார்? இரவு வேலை எத்தனை வருடம்? ஊருக்குக் காசு அனுப்பியது வங்கியிலா, ஆள் மூலம் அனுப்பும் உண்டியலிலா? எந்தத் தங்கையின் கல்யாணத்துக்குச் சீட்டை எடுத்தார்? யார் யாரை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டார்? சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியது யார்? இவற்றுக்கு விடை எழுதினால் நான்கு பக்கம் தானாக வரும். 'குடும்பமே உலகமென வாழ்ந்தவர்' என்ற வரியை எழுதவே வேண்டியிருக்காது.

அம்மாவுக்குத் தெரிந்தது கல்யாணத்துக்குப் பிந்திய பாதி. முந்திய பாதி அப்பாவின் சகோதரங்களிடம் இருக்கிறது. வேலைத்தலத்துக் கதை அவரோடு வேலை செய்தவர்களிடம். எட்டுச் செலவுக்கு (எட்டாம் நாள் சடங்குக்கு) எல்லோரும் வந்திருந்தபோதே கேட்டிருக்கலாம். இனித் தொலைபேசிதான். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டத்தில் கேட்டால் மூத்தவர் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். 'எப்படிப்பட்டவர்?' என்று கேட்டால் 'தங்கமான மனுசன்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கோபம் வந்தால் என்ன செய்வார், கடன் கேட்டு வந்தவரிடம் என்ன சொல்வார், எதைப் பழுது பார்க்காமல் விடமாட்டார் என்று கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: சீதனம், கடன், கொடுக்கல் வாங்கல் எதையும் சம்பந்தப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் அச்சில் ஏற்றக்கூடாது. உதவி பெற்றவரை நூறு பேர் முன்னால் கடனாளியாக நிறுத்துவது அப்பாவுக்குச் செய்யும் மரியாதை இல்லை.

மாதிரியில் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று வரிசையாக இருக்கும். கல்வெட்டுப் பாடல் நமக்குப் பழைய மரபு. நல்ல புலவர் கிடைத்து, அவர் வீட்டுக்கு வந்து விசாரித்துப் பாடினால் தாராளமாகப் போடுங்கள். அம்மாவை ஒருமுறைகூடக் காணாத ஒருவர் எழுதிய 'மனைவி புலம்பல்' எதற்கு? கைத்தொலைபேசியில் பதிவை அழுத்திவிட்டு அம்மாவை அரை மணி நேரம் பேசவிடுங்கள். அவர் பேசிய பேச்சிலேயே ஒரு பக்கம் எழுதி, வாசித்துக் காட்டி, சரி என்றால் போடுங்கள்.

திதி வெண்பாவை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது அலங்காரத்துக்கு இல்லை. வருடம், மாதம், பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை), என்ன திதி என்று நான்கு அடிக்குள் சொல்வதால்தான் ஆட்டைத் திவசத்துக்கும் (முதல் வருடத் திவசம்) பிந்திய வருடங்களுக்கும் நாள் பார்க்க முடிகிறது. வெளிநாட்டுக் கல்வெட்டுகளில் அதிகம் பிழைப்பதும் இந்த இடம்தான். யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கத்தில் உள்ளது இலங்கை நேரம். ரொறன்ரோ அதற்குக் கோடையில் 9½ மணி நேரமும் பனிக்காலத்தில் 10½ மணி நேரமும் பின்னால் நிற்கிறது. பனிக்காலத்தில் இங்கே இரவு 9 மணிக்கு உயிர் பிரிந்தால் அங்கே மறுநாள் காலை 7.30. ஒரு திதியே ஏறத்தாழ 19 முதல் 26 மணி நேரம்தான். இங்கத்தைய மணியை அப்படியே வைத்து அங்கத்தைய பஞ்சாங்கத்தைப் பார்த்தால் முந்திய திதி விழுந்துவிடலாம். உயிர் பிரிந்த நேரத்தை இலங்கை நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள், அல்லது ரொறன்ரோவுக்குக் கணித்த பஞ்சாங்கத்தை எடுங்கள். வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு வகைப் பஞ்சாங்கமும் திதி முடியும் நேரத்தில் சில மணி வேறுபடும். உங்கள் வீட்டில் எது வழக்கமோ அதையே ஐயரிடமும் புலவரிடமும் சொல்லுங்கள்.

32 பக்கம் என்பது யாரும் இட்ட சட்டம் இல்லை. நடுவில் கம்பி அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கால் வகுபட வேண்டும், அவ்வளவே. 20 பக்கம் போதும். தேவாரம் முதல் புராணம் வரை ஐந்து பாடல் கொண்ட பஞ்சபுராணத்துக்கு இரண்டு பக்கம் விடுங்கள். மற்றத் திருமுறைப் புத்தகங்கள் எல்லோர் வீட்டிலும் இருக்கின்றன.

படங்களை வட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், அது சுருக்கிவிடும், கோப்பாக அனுப்புங்கள். 35 மில்லிமீற்றர் அகலப் பாஸ்போர்ட் படத்தை 300 டிபிஐயில் ஸ்கான் செய்தால் அகலத்துக்கு 413 புள்ளிதான் வரும். அதை ஏ5 தாளில் முழுப்பக்கமாக இழுத்தால் முகம் கலங்கும். 1200 டிபிஐயில் ஸ்கான் செய்யுங்கள். அச்சிட்ட பழைய பேப்பர்ப் படத்துக்கு அதுவும் உதவாது. நீங்கள் யூனிகோட்டில் அனுப்புவதை அச்சகம் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றினால், இடையில் உள்ள ஆங்கிலப் பெயர்களும் மின்னஞ்சலும் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துகளாகிவிடும், 'கௌ' போன்றவை உடையும். ஆகவே மாற்றிய பிறகு வரும் பக்கங்களைத்தான் பிழை திருத்த வேண்டும். 20ஆம் நாளுக்குள் எல்லாவற்றையும் கொடுத்தால் இரண்டு முறை பார்க்க நேரம் கிடைக்கும்.

வம்சாவளிப் பக்கத்தைத் தாய்வழியில் ஒருவர், தகப்பன்வழியில் ஒருவர், அம்மாவின் பக்கத்தில் ஒருவர் தனித்தனியாகப் பார்த்துக் கையெழுத்து வைக்கட்டும். உயிரோடு இருப்பவருக்கு 'அமரர்' போட்ட கல்வெட்டுகள் உண்டு. ஒரு சகலனின் பெயர் விடுபட்டு இரண்டு வீடுகள் பேச்சை நிறுத்தியதும் உண்டு. பிறந்த திகதி பள்ளிக்கூடப் பதிவில் ஒன்றாகவும் பிறப்புச் சான்றிதழில் ஒன்றாகவும் இருந்தால் சான்றிதழில் உள்ளதைப் போடுங்கள்.

அச்சுப் பிரதி எவ்வளவு அடித்தாலும் சில வருடத்தில் பழைய பேப்பரோடு போய்விடும். பீடிஎஃப் ஒன்றை 2005இல் தொடங்கிய நூலகம் இணைய நூலகத்துக்கு அனுப்புங்கள். நினைவு மலர்களுக்கு அங்கே தனிப் பகுதி இருக்கிறது. ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் போய்த் தேடும் இடங்களில் அதுவும் ஒன்று. இணையத்தில் ஏறப்போகும் பிரதியில் வீட்டு முகவரி, உயிரோடு இருப்பவர்களின் பிறந்த திகதி, சான்றிதழ்ப் படங்கள் வேண்டாம். வங்கியில் ஆள் அடையாளம் கேட்கும்போது தாயின் கன்னிப்பெயரைக் கேட்கும் நாட்டில் இருக்கிறீர்கள். வம்சாவளிப் பக்கம் அதை அச்சடித்தே கொடுக்கிறது. உங்கள் வங்கிக் கணக்கின் பாதுகாப்புக் கேள்விக்கு அதுதான் விடை என்றால், இந்தக் கிழமையே மாற்றிவிடுங்கள்.